பக்கம் 182-அ

“இதுல நான் படிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?”

அண்ணன் முதன்முறை இப்படிக் கேட்டபோது சின்னவளுக்குப் பத்தொன்பது வயது. கட்டடக் கம்பெனியின் ஜெராக்ஸ் அறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணன் அதே கம்பெனியில் சைட் சூப்பர்வைசர். புது வேலைக்கான ஸ்பெக் புத்தகத்தைச் செங்கல் தூக்குகிற மாதிரி ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பதில் வரும் என்று எதிர்பார்க்காமல்தான் கேட்டான்.

சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டே, “நாப்பத்தெட்டு, தொண்ணூத்தி ரெண்டு, அப்புறம் நூத்தி முப்பது,” என்றாள்.

“என்னது?”

“பக்கம். மத்ததெல்லாம் போன வேலையில இருந்ததுதான். இந்த மூணும் புதுசு.”

“நீ படிச்சியா இதை?”

“டைப் அடிச்சேன். அடிக்கும்போது கண்ணு படிச்சிடுது.”

அண்ணன் அவளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அந்த மூன்று பக்கங்களை மட்டும் நின்றபடியே படித்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் அது. எந்தச் சிமெண்ட், எவ்வளவு கனமான கம்பி, எதை எதில் எப்படிப் பொருத்த வேண்டும் என்று ஒரு கட்டடத்துக்கான அத்தனை நிபந்தனைகளும் அடங்கிய புத்தகம்தான் ஸ்பெக். நானூறு பக்கத்துக்குக் குறையாது. சின்னவள் அதில் மாறுகிற பக்கங்களை டைப் அடிப்பாள், முழுவதையும் அச்செடுப்பாள், துளை போட்டு ஸ்பைரல் வளையம் கோர்ப்பாள். அண்ணன் பார்க்க வேண்டிய பக்கங்களில் விரல்நகம் அளவுக்கு வெளியே தெரிகிற மாதிரி மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டுவாள். அப்புறம் பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்புவாள். அண்ணன் உறைக்கு வெளியிலிருந்தே மஞ்சளை எண்ணுவான். நாலு மஞ்சள் இருந்தால் நாலு பக்கம். மஞ்சளே இல்லாவிட்டால் உறையைப் பிரிக்கக்கூட வேண்டாம். ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்கிற தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

இந்த ஏற்பாடு அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். மாமாவுக்குக்கூடத் தெரியாது.

மாமா இறந்து இன்றைக்குப் பதினேழு நாள்.

அக்காவின் வீட்டுக்காரரான அவர் பெயின்டர். அண்ணன் மேற்பார்வை பார்த்த மாணவர் விடுதிக் கட்டடத்தில்தான் வேலை. மூன்றாம் மாடி வராந்தாவின் கைப்பிடிக் கம்பியில் வாளிக் கயிற்றைக் கட்டிவிட்டு, வெளிச்சுவருக்கு ரோலரை நீட்டினார். கம்பி, அதைத் தாங்கிய கல்லோடு பெயர்ந்து வந்துவிட்டது. கம்பெனி அதற்கு எழுதி வைத்திருக்கிற காரணம் வேறு. ‘கைப்பிடிக் கம்பியின் மேல் ஏறி உட்கார்ந்து கவனக்குறைவாக வேலை பார்த்தார்.’

எந்த மனிதரைப் பற்றி? நாற்காலியில் உட்காரும் முன் அதை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்கிறவர். ஏணியைத் தொடும் முன் உலுக்கிப் பார்க்கிறவர். முதல்முறை பெண் பார்க்க வந்தபோதே நாற்காலியை ஆட்டப் போய், அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து சிரித்துவிட்டாள். எதைப் பிடிக்கும் முன்னாலும் ஒரு உலுக்கு. அந்தக் கம்பியையும் உலுக்கித்தான் பார்த்திருப்பார். அது அவரை ஏமாற்றிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் மேனேஜரை நேருக்கு நேர் நிறுத்தி அக்கா சொன்னது, நின்றிருந்த எல்லோருக்கும் கேட்டது. “எனக்கு உங்ககிட்ட எதுவும் வேணாம். அவர் கவனமில்லாத ஆளுன்னு எழுதினதை மட்டும் அழிங்க. அது இருக்கிற வரைக்கும் நான் விடமாட்டேன்.”

இன்று நாலு மணிக்கு விசாரணை.

*

காலையில் சின்னவள் எழுந்து வந்தபோது சாப்பாட்டு மேஜையின் நடுவில் அந்தப் புத்தகம் இருந்தது. சைட் அலுவலகத்தில் பதினோரு மாதம் கிடந்த பிரதி. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. உறையின் மேல் சிமெண்ட் தூசி சாம்பல்போலப் படிந்திருந்தது. யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம் ஒன்று, அதன் மேல் இன்னொரு வட்டம்.

அண்ணன் ஜன்னலோரம் நின்றிருந்தான். பதினேழு நாளில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. அப்பா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட டைல்ஸ் மேஸ்திரி. கைகளை மேஜையின் மேல் விரித்து வைத்திருந்தார்.

“பூனை, இங்க வா,” என்றார்.

அவள் நடந்தால் சத்தம் கேட்காது என்பதால் வீட்டில் அந்தப் பெயர். பேசினாலும் கேட்காது என்று மாமா சேர்த்துக்கொண்டார்.

விசாரணை அதிகாரி சைட் பிரதியைக் கேட்டிருக்கிறார் என்று அப்பா சொன்னார். அதில் கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறதாம். அந்தப் பக்கம் இருக்கும்வரை, படித்தேன் என்று கையெழுத்துப் போட்ட அண்ணன்தான் குற்றவாளி. ஆபீஸ் பிரதியிலிருந்து மேனேஜர் அதை எடுத்துவிட்டார். விடுதிக்காரர்களின் பிரதியையும் ஏதோ திருத்தம் என்று சொல்லி வாங்கிவிட்டார். மீதி இது ஒன்றுதான். உறை பிரிந்ததும் தெரியக் கூடாது, வளையம் கழன்றதும் தெரியக் கூடாது.

“நீ கட்டின புத்தகம்மா. உனக்குத்தான் அவிழ்க்கத் தெரியும்.”

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

“அக்கா?” என்றாள்.

அப்பா புத்தகத்தை அவள் பக்கமாகத் தள்ளினார். “அவளுக்குப் போனது போயிடுச்சு. எப்படிப் போனாருன்னு சரியா எழுதிட்டா எழுந்து வருவாரா? ஒரு பிள்ளையோட வாழ்க்கை முடிஞ்சு உட்கார்ந்திருக்கு. இன்னொருத்தனை ஜெயில் கம்பிக்குப் பின்னால அனுப்பிட்டு நான் எந்த முகத்தோட சாப்பிடறது?”

சொல்லி முடிக்கையில் அவர் பார்வை சுவருக்குப் போனது. மாமா கடைசியாக இந்தக் கூடத்துக்கு வெளிர்நீலம் அடித்துக்கொண்டிருந்தார். மூன்று சுவர் முடிந்து நாலாவதில் பாதி. சுவிட்ச் போர்டு வரைக்கும் நீலம், அதற்கப்புறம் பழைய அழுக்கு வெள்ளை. மீதியை ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுகிறேன் என்று பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் போனவர். அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது நடந்தது.

சின்னவள் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவளுக்கு எப்போதுமே இரண்டாவது வார்த்தை வாய்வரை வந்து திரும்பிப் போய்விடும்.

*

ஜெராக்ஸ் அறை, ஆபீஸின் பின்பக்கத்தில், ஜன்னலில்லாத அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் தர நிர்ணயப் புத்தகங்கள் வரிசையாக நிற்கும். ஸ்பெக்கில் பக்கத்துக்குப் பக்கம் ‘இன்ன எண் தர நிர்ணயப்படி செய்யவும்’ என்று வருகிறதே, அவை இவைதான். அலமாரியின் சாவி பழைய மேனேஜரோடு போய்விட்டது. புது மேனேஜர் பூட்டின் மேலேயே காலண்டரைத் தொங்கவிட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதை யாராவது எடுத்துப் பார்ப்பார்களா என்று சின்னவள் ஒருமுறை கேட்டே விட்டாள். எண் இருக்கிறதே, அது போதாதா என்று அவர் சிரித்தார்.

யாரும் படிக்காததற்கு மேனேஜர் மட்டும் காரணமில்லை. புத்தகம் செய்யப்படுகிற விதமே அப்படி. போன வேலையின் புத்தகத்தை எடுத்து, அட்டையில் பெயரை மாற்றினால் புது வேலையின் புத்தகம். அதற்கும் முந்தினது அதற்கு முந்தினதிலிருந்து வந்தது. மாணவர் விடுதிக்கான இந்தப் புத்தகத்தில் நீச்சல் குளத்துத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஆறு பக்கம் இருக்கிறது. விடுதியில் நீச்சல் குளமே இல்லை. கூரையில் பனி உறைந்தால் என்ன செய்வது என்று ஒரு பகுதி இருக்கிறது. பனி என்பதை அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. நாற்பதாம் பக்கத்திலேயே இப்படிப் பேசுகிற புத்தகத்தை நூற்றெண்பதாம் பக்கம் வரைக்கும் யார் நம்பிப் போவார்கள்?

அந்த நூற்றெண்பது பக்கத்துக்கு அப்பால்தான், கட்டடத்துக்கு வரைபடம் போட்ட டிசைன் மேடம் தன் ஒரு பக்கத்தை வைத்தாள்.

புத்தகம் முடிந்து வளையம் கோர்க்கும் நேரத்தில் கையால் எழுதிய தாளோடு வந்தாள். இந்த விடுதியில் வராந்தா ஓரம் ஹாலோ பிளாக் கல்லால் கட்டப்படுகிறது, உள்ளே வெற்றிடம் உள்ள கல், அதில் போல்ட் இறக்கினால் கையால் ஆட்டும்போது கெட்டியாக இருக்கிற மாதிரித் தெரியும், ஆள் எடை விழுந்தால் கல்லே பெயர்ந்துவிடும் என்று விளக்கினாள். எல்லாப் பக்க எண்ணையும் மாற்ற நேரமில்லாததால் 182-க்கும் 183-க்கும் நடுவில் 182-அ என்று போடச் சொன்னாள்.

டைப் அடித்து முடித்ததும் மேடம் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது சின்னவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“இந்த நானூறு பக்கத்துல நான் எழுதினது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் ஒட்டினது. எவன் படிக்கப் போறான்னு நினைச்சேன். பரவாயில்ல, நீ படிச்சிட்டே. உங்க அண்ணன் சைட்தானே?”

அடுத்த மாதமே மேடம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் சின்னவள் கதவைச் சாத்திக்கொண்டாள். உறையின் ஓரத்தைப் பிளேடால் நூல் பிடித்த மாதிரி கிழித்தாள். வளையத்தின் நுனியை நிமிர்த்தித் திருகித் திருகிக் கழற்றினாள். பக்கங்கள் புத்தம் புதிதாக, ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்தன. 182-அ தனியாகக் கையோடு வந்தது.

‘வராந்தா கைப்பிடிக் கம்பிகளின் அடித்தாங்கிகளைக் கல்கட்டில் பொருத்தவே கூடாது. கான்கிரீட் தளத்தின் விளிம்பில் மட்டுமே ஆங்கர் போல்ட் இறக்கிப் பொருத்த வேண்டும். பத்தில் ஒரு கம்பியை எடை கட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகே எவரும் அதில் சாயவோ கயிறு கட்டவோ அனுமதிக்க வேண்டும்.’

கயிறு கட்டவோ. அந்த இரண்டு சொல்லையும் மேடம் எழுதவில்லை. ‘சாய அனுமதிக்க வேண்டும்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தாள். பெயின்டர்கள் வாளிக் கயிற்றை அதில்தான் கட்டுவார்கள், மாமா அப்படித்தான் கட்டுவார் என்று சின்னவள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நல்ல யோசனை என்று மேடம் சேர்க்கச் சொன்னாள்.

சின்னவள் தாளை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்படி ஒரு பக்கம் இருப்பது தெரிந்த அப்பாவும் மேனேஜரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் ஏன் படிக்கவில்லை? அந்தப் பக்கத்தில் ஏன் மஞ்சள் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்குத் தெரியாது.

*

விடுதிப் புத்தகத்தைக் கட்டிய வாரம் நடந்தது சின்ன விஷயம்தான். அண்ணன் இரண்டு காண்ட்ராக்டர்களோடு ஜெராக்ஸ் அறைக்கு வந்திருந்தான். அவர்களில் ஒருவர் மேஜையிலிருந்த ஒரு புத்தகத்தில் மஞ்சள் தாள்களைப் பார்த்து, இதையெல்லாம் யார் குறித்து வைப்பது என்று கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னான். “எங்க வீட்டு எட்டாங்கிளாஸ் இன்ஜினியர்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு.

சின்னவள் எட்டாவதோடு நின்றது படிப்பு வராமல் அல்ல. அம்மா படுக்கையில் விழுந்தபோது கூட ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. அக்கா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு டிப்ளமா கடைசி வருஷம், கெட்டுவிடக் கூடாது. மூன்றரை வருஷம் கழித்து அம்மா போனபோது பள்ளிக்கூடம் அவளைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அதை அண்ணனுக்கு அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அன்றைக்கு மட்டும் அந்தச் சிரிப்பு நெஞ்சுக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

டிப்ளமா படித்தவர் தானே படித்துக்கொள்ளட்டும்.

ஒட்டுத்தாள் கட்டை டிராயருக்குள் போட்டு மூடினாள். விடுதியின் புத்தகத்துக்கு ஒரு மஞ்சள்கூட ஒட்டாமல் உறை போட்டு அனுப்பினாள்.

அடுத்த வாரமே அண்ணன் புது ஒட்டுத்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்து, “பூனைக்கு இன்னும் கோபமா?” என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் அங்கேயே கரைந்தது. அன்று பாத்திரம் கழுவும்போது 182-அ நினைவுக்கு வந்தது. அண்ணன் வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கியது. அணைக்க ஓடினாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் பதினோரு மாதம் அந்தப் பக்கம் அவள் நினைவுக்கு வரவேயில்லை.

இப்போது ஜெராக்ஸ் அறையின் கதவு மெல்லத் திறந்தது. அண்ணன்.

உள்ளே வந்து, காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தான். மேஜையில் கிடந்த தாளைப் படித்தான். முதல்முறையாக. படித்து முடித்தும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இது உனக்குத் தெரியாம உள்ள போயிருக்கும், இல்ல?” என்றான். குரலில் கெஞ்சல் இருந்தது. “மேடம் நேரா பைண்டிங்ல சொருகியிருப்பாங்க. நீ பாத்திருக்க மாட்டே.”

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அவளுக்கு வாயே திறக்க வேண்டாம்.

“நான்தான் டைப் அடிச்சேன்,” என்றாள்.

வெளியே யாரோ சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் கேட்டது. 

“அந்த எட்டாங்கிளாஸ் பேச்சுக்கா?”

அவள் தலை குனிந்தாள்.

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் அழக் காத்திருந்தாள். அவன் திட்டியிருந்தால் அழுதிருப்பாள். அவன் திட்டவில்லை. எழுந்து வந்து, சின்ன வயதில் செய்கிற மாதிரி அவள் உச்சந்தலையில் கையை வைத்தான்.

“கையெழுத்து என்னுது பூனை. உன்னுது இல்ல. பக்கத்தை எடுக்கறதோ வைக்கறதோ உன் இஷ்டம், நான் கேக்க மாட்டேன். ஆனா ஒட்டுத்தாள் கதையை அக்காகிட்ட மட்டும் சொல்லாதே. அவளுக்கு இப்ப மிச்சம் இருக்கறது நீதான்.”

அவன் போன பிறகு சின்னவள் தாள்களை அடுக்கி வளையத்தைத் திருகினாள். கை அதன் பாட்டுக்கு டிராயரைத் திறந்தது. புத்தகத்தைப் பையில் வைத்தாள். புது உறை போடவில்லை.

*

விசாரணை அலுவலகம் இரண்டாம் மாடியில். நீண்ட தாழ்வாரம், ஒரே ஒரு பெஞ்ச். அக்கா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். மாமாவின் கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தாள். கடைசித் துளைக்கு இழுத்தும் அது மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி வந்தது. வாரில் வெளிர்நீலப் புள்ளிகள்.

அண்ணன் பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தான். சின்னவள் நடுவில், பையை மடியில் வைத்துக்கொண்டு. மூன்று பேரும் இப்படி வரிசையாக உட்கார்ந்தது கடைசியாக அம்மாவின் ஆஸ்பத்திரியில்.

அக்கா சாப்பிட்டியா என்று சின்னவளைக் கேட்டாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். எதிர்ச்சுவரில் சுண்ணாம்பு உரிந்து கிடந்ததைப் பார்த்து, அவர் இருந்திருந்தால் இதைச் சுரண்டாமல் உட்கார்ந்திருக்க மாட்டார் என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடப் பார்த்தாள். பிறகு, சுவரைப் பார்த்தபடியே, அண்ணனிடம் பேசினாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் புத்தகத்துல கம்பியைப் பத்தி எழுதியிருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நீ படிச்சியா?”

“இல்லக்கா.”

“ஏன்?”

அண்ணன் சொல்ல ஆரம்பித்தான். நானூறு பக்கம், ஒரே நேரத்தில் மூன்று சைட், படிக்க உட்கார்ந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் மேனேஜர் கத்துவார். இந்தப் புத்தகங்கள் எல்லாம் பார்த்து எழுதினவை, இல்லாத நீச்சல் குளமெல்லாம் அதில் இருக்கும், அதனால் ஒருவரும் திறப்பதில்லை, கையெழுத்து மட்டும்தான் போடுவோம், எந்த சைட்டில் கேட்டாலும் இதுதான் பழக்கம் என்றான். ஒவ்வொன்றும் உண்மை. எதிலும் மஞ்சள் இல்லை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“நீச்சல் குளம் இருந்ததாலயா என் வீட்டுக்காரர் செத்தாரு?” என்றாள். கோபமே இல்லாமல், புரிந்துகொள்ளப் பார்க்கிற மாதிரி கேட்டாள்.

அண்ணன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். கழுத்து எலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. உள்ளே போய்த் தன் தலையை நீட்டப் போகிற கழுத்து.

சின்னவள் பையின் ஜிப்பை இழுத்தாள்.

“பூனை, வேணாம்,” என்றான் அண்ணன் மெதுவாக.

அவள் புத்தகத்தை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். ஓரத்தில் ஒரே ஒரு மஞ்சள், விரல்நகம் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பிடித்துத் திறந்தாள். 182-அ.

அக்கா ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை ஓட்டி, உதடு அசையப் படித்தாள். ‘கயிறு கட்டவோ’ என்ற இடத்தில் விரல் நின்றது. கடிகாரம் நழுவிப் புறங்கையில் விழுந்தது.

“அண்ணன் படிக்க வேண்டியதை எப்பவும் நான்தான் காட்டுவேன்,” என்றாள் சின்னவள். “மஞ்சள் ஒட்டி அனுப்புவேன். மஞ்சள் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். நாலு வருஷமா அப்படித்தான். இதுக்கு மட்டும் ஒட்டல.”

அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான் முதல்முறை.

“மறந்துட்டியா?” என்றாள் அக்கா. மறந்துவிட்டேன் என்று சொல்லேன் என்கிற மாதிரி இருந்தது.

“இல்ல. அண்ணன் மேல கோபம்.”

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா திறந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அந்த மஞ்சள் தாளை நகத்தால் நெம்பி, தாள் கிழியாமல் மெல்ல மெல்ல உரித்து எடுத்தாள். சுவரிலிருந்து பழைய பெயின்டை உரிக்கும்போது மாமா அப்படித்தான் பொறுமையாக உரிப்பார். சின்னவளின் கையை இழுத்து, உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். அக்காவின் விரல்கள் குளிர்ந்து கிடந்தன.

புத்தகத்தை மூடி அண்ணனிடம் நீட்டினாள்.

அறைக் கதவு திறந்தது. பியூன் எட்டிப் பார்த்து, “சைட் சூப்பர்வைசர் யாருங்க? புத்தகத்தோட உள்ள வாங்க,” என்றான்.

அண்ணன் எழுந்தான். புத்தகத்தை வழக்கம்போல ஒரு கையால் தூக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். 182-க்கும் 183-க்கும் நடுவில் அந்தப் பக்கம் அதன் இடத்தில் இருந்தது. கதவு அவனுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

இனி மாமாவைக் கவனமில்லாதவர் என்று எழுத முடியாது. அக்கா கேட்டது கிடைத்துவிட்டது. சின்னவள் அவள் பக்கம் திரும்பாமலேயே, அக்காவின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிக்கட்டும், கத்தட்டும், ஒரு வார்த்தை சொல்லட்டும். மூடிய கைக்குள் ஒட்டுத்தாள் வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது.

அக்கா எழுந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுக்கவில்லை. கதவுப் பக்கம் போகவில்லை. தாழ்வாரத்தின் நீளத்துக்கு நடந்து மாடிப்படியின் மேல்முனைக்கு வந்தாள். இறங்கக் காலை வைத்தவள் நின்றாள். படியோரத்து இரும்புக் கைப்பிடியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை.

ஆனாலும் அதைப் பிடிக்காமல், சுவரில் உள்ளங்கையை ஊன்றி ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டாள்.